இரண்டு முறை போன தீவு

"வந்ததுலேருந்து ஓடிக்கிட்டே இருக்கோமே, எப்பம்மா உக்காரப் போறோம்?"

கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் பாதையில், பாதித் தூரத்தில், ஒரு பாறையில் கையை ஊன்றி நின்றபடி அம்மா இதைக் கேட்டாள். என் கையில் அன்றைய பட்டியல் இருந்தது. காலையில் அருங்காட்சியகம், பத்தரைக்குப் படகுச் சவாரி, மதியம் கலங்கரை விளக்கம், மாலையில் தீவின் மறுகோடியில் சூரியன் மறைவது. இருந்தது மூன்று பகலும் இரண்டு இரவும்தான் என்பதால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. அவளை ஓய்வெடுக்கத்தான் அழைத்துப் போயிருந்தேன்.

அன்று அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பதினான்கு மாதம் கழித்து அதே ஊருக்கு அவளை மறுபடி அழைத்துப் போனேன். இரண்டாவது முறை அவள் உட்கார்ந்தாள். இடைப்பட்ட காலத்தில் நான் படித்ததும் கேட்டுத் தெரிந்துகொண்டதும் மாற்றிக்கொண்டதும்தான் இங்கே எழுதுவது. ஊரின் பெயர் இங்கே தேவைப்படாது. படகில் ஏறிப் போய்ச் சேர வேண்டிய எந்தச் சின்னத் தீவு ஊருக்கும் இது பொருந்தும்.

முதல் பயணம் முடிந்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். திரும்ப வேண்டிய நாள் விடியும்போதே ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. துறைக்குப் போனால் காலைப் படகு இல்லை என்று பலகையில் எழுதியிருந்தது. பிறகு மதியப் படகும் இல்லை என்றார்கள். கரையில் எங்களுக்கு மாலை ஐந்து மணிக்கு ரயில். அது போய்விட்டது. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அன்று காலையோடு தீர்ந்திருந்தது. தீவின் ஒரே மருந்துக் கடை அன்று பூட்டியிருந்தது. மறுநாள் மதியம்தான் கரை சேர்ந்தோம். அந்த ஒரு நாள் முழுக்க அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகை எடுக்க மறுத்தவர்கள் செய்தது சரி. திரும்பும் நாளை நான் அமைத்த விதம்தான் தவறு.

காற்றைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவீடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சுழியத்திலிருந்து பன்னிரண்டு வரை போகும். நான்காம் எண் என்றால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். கடலில் பரவலாக வெள்ளை நுரை தலைகாட்டும். ஆறாம் எண் என்றால் 39 முதல் 49 கிலோமீட்டர். அலைகள் பெரிதாகி, எங்கு பார்த்தாலும் நுரை, முகத்தில் சாரல் அடிக்கும். வானிலை அறிக்கையில் மழை உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பது நமக்குப் பழக்கம். தீவுக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. நாங்கள் மாட்டிக்கொண்ட நாளில் ஒரு சொட்டு மழை இல்லை, வானம் நீலமாக இருந்தது.

தெளிந்த நாட்களில்கூடக் காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் உண்டு. வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இந்தக் கடற்காற்று முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும். அதனால் கடக்கும் தூரம் சின்னதோ பெரியதோ, காலைப் படகில் ஆட்டம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது முறை போகவும் வரவும் காலைப் படகையே வைத்துக்கொண்டேன். இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. காலைப் படகு நின்றுபோனால் அன்றே அடுத்தது கிடைக்கலாம். கடைசிப் படகை நம்பியவருக்கு அடுத்த நாள்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று செய்தேன். பயணத்தின் கடைசி இரவைத் தீவில் வைக்காமல் கரைக்கு மாற்றினேன். ரயில் மறுநாள் மதியத்துக்கு. கரையில் துறைக்குப் பக்கத்தில் சாதாரணமான ஓர் அறை போதும், வசதிகூடத் தேவையில்லை. "ஒரு ராத்திரி வீணாப் போகுதே" என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது வீண் இல்லை. படகு வருமா, ரயிலைப் பிடிப்போமா என்ற எண்ணம் இல்லாமல் தீவில் இருக்க அந்த ஓர் இரவுதான் எனக்கு இடம் கொடுத்தது. மாத்திரைகளை மூன்று நாளைக்குக் கூடுதலாகவும், மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வைத்தேன். பெரிய பெட்டி படகின் அடித்தளத்துக்குப் போய்விட்டால் வழியில் எடுக்க முடியாது.

குமட்டல் பற்றி ஒரு வார்த்தை. படகு ஆடுவதை உள்காது உணர்கிறது. ஆனால் கண் பார்ப்பது ஆடாத இருக்கையையும் சுவரையும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிற்றைப் புரட்டுகிறது. படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டு அதிகப் பயன் இல்லை. அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும்; வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி ஓதம், அதாவது கடல் நீர் நாள்தோறும் ஏறுவதும் (ஏற்றம்) இறங்குவதும் (வற்றம்). இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம்.

அந்தத் தீவிலிருந்து இன்னொரு குட்டித் திட்டுக்கு மணல் பாதை ஒன்று உண்டு. முதல் முறை, யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, பதினொரு மணிக்குப் போய் நின்றோம். பாதையே இல்லை. எங்கும் தண்ணீர். அவர்கள் போன நாளில் பதினொரு மணிக்கு வற்றம், நாங்கள் போன நாளில் அதே நேரம் ஏற்றம். கடலுக்கு நம் கடிகாரம் தெரியாது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று ஒன்பது மணிக்கு வற்றம் என்றால் நாளை ஒன்பது ஐம்பதுக்கு, நாளை மறுநாள் பத்து நாற்பதுக்கு. நிலவு வானில் ஒவ்வொரு நாளும் தாமதமாக எழுவதும் இதே அளவில்தான், ஏனென்றால் நீரை இழுப்பதில் பெரும்பங்கு நிலவுக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் அதே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் மிக மேலே வரும், வற்றம் மிகக் கீழே போகும். அரை நிலவு நாட்களில் வித்தியாசம் குறைவு. நாட்காட்டியைத் திறந்தால் நம் வீட்டுச் சுவரிலேயே இந்தத் தகவலில் பாதி இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாக் கடலிலும் இப்படி இல்லை. மத்திய தரைக்கடலில் பல இடங்களில் ஏற்றமும் வற்றமும் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான். போகிற இடத்தின் ஓத அட்டவணையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. துறைகளில் அச்சிட்டு வைத்திருப்பார்கள், இணையத்திலும் கிடைக்கும்.

அட்டவணை சொல்லாத ஒன்றைப் படகோட்டிகள் சொல்வார்கள். ஏறும் ஆறு மணி நேரத்திலும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. முதல் மணியில் மெதுவாக ஏறுவதைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கு" என்று நினைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். பாதுகாப்பான நேரங்களைப் பலகையில் எழுதி வைத்திருந்தும், நடுச்சாலையில் வண்டியோடு சிக்கி மீட்கப்படுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிரான்சில் நுவார்மூத்தியே தீவுக்குப் போகும் 'பசாஜ் து குவா' பாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதுவும் இப்படியே மூழ்கி எழும். அங்கே வழி நெடுக, சிக்கிக்கொண்டவர்கள் ஏறி உட்காரக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது முறை தேதியைத் தேர்ந்தெடுத்ததே ஓத அட்டவணையை வைத்துத்தான். வற்றம் முற்பகலில் வரும்படி பார்த்துக்கொண்டேன். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மணலில் இறங்கி, தண்ணீர் திரும்பத் தொடங்கும்போது நாங்களும் திரும்பினோம். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மணலில் அலை விட்டுப்போன வரிகளைக் காலால் தடவிப் பார்த்தாள். ஈர மணல் கெட்டியாக இருந்ததால் முழங்கால் அவளைப் படுத்தவில்லை.

எந்த மாதம் போவது என்பதில் நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. கூட்டம் நிறையும் பருவத்தின் இரண்டு விளிம்புகளில், வார நடுவில். குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் நாடுகளில் கோடைக் கடைசி இன்னும் நல்லது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அதனால் வெயில் தணிந்த பிறகும் பல வாரம் கடல் குளிக்கத் தோதாக இருக்கும். ஆனால் புயல் வரும் கடல்களில் அதே மாதங்கள் ஆபத்தானவையாக இருக்கலாம். அந்தப் பகுதியின் புயல் பருவம் எது என்று பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. விளிம்பு மாதங்களில் படகுகளின் எண்ணிக்கை குறையும், சில கடைகள் மூடியிருக்கும். எனக்கு அது பரவாயில்லை.

காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் ஒரு சின்னத் தீவை எப்படி மாற்றிவிடுகிறது என்பதைத் தங்கினால்தான் பார்க்க முடியும். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் ஒரு நாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இரவு தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. ஏன் அப்படி என்று நாங்கள் தங்கிய தீவில் எனக்குப் புரிந்தது. மாலைக் கடைசிப் படகு கிளம்பிய பத்து நிமிடத்தில் தெருக்கள் காலியாகிவிட்டன. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர்கள் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். பகலில் தலை நிமிராமல் பில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் அம்மாவிடம் வந்து முழங்காலைப் பற்றி விசாரித்தாள். நான்கு இரவுகளில் எனக்குப் பிடித்தது அந்த மாலை நேரம்தான். கூட்டம் வரும் பத்து மணி முதல் நான்கு மணி வரை அறையிலோ ஆளில்லாத கரையிலோ இருந்துவிட்டு, விடியலையும் அந்தியையும் ஊருக்கு வைத்துக்கொண்டோம்.

தங்கும் இடம். முதல் முறை படகுத்துறைக்கு எதிரிலேயே அறை எடுத்திருந்தேன், இறங்கியதும் நுழைந்துவிடலாம் என்று. விடியற்காலை நாலரைக்கு மீன்பிடிப் படகுகளின் என்ஜின், ஆறு மணிக்குப் பயணிகள் படகின் ஊதல், அதன் பிறகு சரக்கு இறக்கும் சத்தம். இரண்டு இரவும் தூக்கம் இல்லை. இரண்டாவது முறை துறையிலிருந்து பத்து நிமிட நடையில், காற்று மறைவுப் பக்கத்தில் எடுத்தேன். தீவில் காற்று அடிக்கும் பக்கமும் மறைவுப் பக்கமும் இரண்டு வேறு ஊர்கள் மாதிரி. ஒரு பக்கம் கதவே திறக்க முடியாது, மறுபக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். முன்பதிவுக்கு முன் வீட்டுக்கார அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்: எத்தனை படி ஏற வேண்டும், துறையிலிருந்து பெட்டியை யார் கொண்டுவருவார்கள், தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் போனால் மாற்று உண்டா, படகு நின்றால் ஓர் இரவு கூடத் தங்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துவிட்டு, "படகு நின்னா உள்ளே வர வேண்டியவங்களும் வர முடியாதும்மா, அறை காலியாத்தான் இருக்கும்" என்றார். இத்தனை எளிய விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டி பற்றிக் கேட்டது முக்கியம். கிரேக்கத்தின் ஹைட்ரா, ஆங்கிலக் கால்வாயிலுள்ள சார்க் போன்ற தீவுகளில் கார்களே கிடையாது. கார் ஓடும் தீவுகளிலும் பழைய ஊரின் சந்துகளுக்குள் வண்டி நுழையாது. கருங்கல் பதித்த ஏற்றத்தில் சக்கரப் பெட்டியை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு தோள்பை, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

குளியலறையில் ஒரு சின்ன அட்டை தொங்கியது: தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். முதல் முறை அதை நான் கவனிக்கவில்லை. பிறகுதான் காரணத்தைப் படித்தேன். சின்னத் தீவுகளில் மழைநீர் தரைக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்கும்போது நிறைய இருப்பது போலத் தோன்றும். ஆனால் கிணற்றில் இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் குறைத்தால், அடியிலிருந்து உப்பு நீர் நாற்பது சாண் மேலே வரப் பார்க்கும். ஒரு தடவை உப்பேறிய கிணறு தெளிய வருடங்கள் ஆகலாம். நாம் நான்கு நாளில் திரும்பிவிடுவோம், அவர்கள் அந்தக் கிணற்றோடுதான் வாழ வேண்டும். இரண்டாவது முறை வாளியில் பிடித்துக் குளித்தோம். கொண்டுபோன பிளாஸ்டிக் குப்பையையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வந்தோம், அதையும் அங்கிருந்து படகில்தானே ஏற்ற வேண்டும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போதும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. பலாவ் நாடு அதற்கு ஓராண்டு முன்பே இதுபோன்ற தடையைக் கொண்டுவந்தது. முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் இருந்தால் பாதிப் பூச்சு தேவைப்படாது.

நீந்துபவர்களுக்கு ஒன்று. அலை உடையும் வெள்ளைக் கோட்டின் நடுவே அமைதியாக, கொஞ்சம் கருமையாக ஓர் இடைவெளி தெரிந்தால் அதுதான் இறங்கப் பாதுகாப்பான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் உள்ளே திரும்பும் வழி பெரும்பாலும் அதுதான். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி மூச்சைச் சேமித்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். புதிய கரையில் இறங்கும் முன் அங்கேயே குளித்து வளர்ந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விட மேல்.

இவ்வளவு முன்யோசனை செய்த பிறகு நடுவில் இருந்த நாட்களுக்கு நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. அது எனக்குச் சுலபமாக வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு கை பரபரத்தது. ஒரு நாளுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா காலையில் எழுந்து சொல்வது, என்று கட்டுப்பாடு வைத்தேன். முதல் நாள் அவள் எங்கும் போக வேண்டாம் என்றாள். எனக்குப் பதினொரு மணிவரை இருப்புக் கொள்ளவில்லை. பிறகு நானும் பாயை விரித்துப் படுத்தேன், விழித்தபோது மூன்றரை. அப்படி ஒரு பகல் தூக்கம் எனக்கு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்தது.

மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்கு ஓர் இடம் அமைந்துவிட்டது. பழைய துறையில் பாசி பிடித்த கல் படிக்கட்டு, மொத்தம் பதினோரு படி. தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்பதை வைத்து அவளே நேரம் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் ஒன்பதாம் படியில் இருந்தது, இப்போது ஆறாம் படிக்கு வந்துவிட்டது, நாம் சாப்பிட்டு வந்தால் நாலாம் படியில் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் அவள் கணக்கைக் கேட்டுத் தலையை ஆட்டினார். கலங்கரை விளக்கத்துக்கு நாங்கள் போகவே இல்லை.

கிளம்பும் நாளில் காலைப் படகு இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுதினார்கள். எனக்குள் பழைய பதற்றம் ஒரு கணம் எழுந்து, கரையில் இரவுக்கு அறை இருப்பது நினைவுக்கு வந்ததும் அடங்கியது. பைகளைத் துறையில் வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனேன். அம்மா மேல் படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். படகு வந்துவிட்டது என்று பிறகு நான் சொன்னபோது திரும்பாமலே கையைக் காட்டினாள்.

"இருடி, இன்னும் ஒரு படிதான். ஏறட்டும், பாத்துட்டுப் போவோம்."